வரலாறு சொன்னவர்

ஜூலை 3, வியாழன்

காஷுவல்டியில் பயிற்சி டாக்டராக என் முறை இன்றோடு முடிந்தது. காலை ஒன்பதுக்கு நான்குவழிச் சாலையில் டவுன் பஸ்ஸும் செங்கல் லாரியும் மோதிப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். இருப்பது இரண்டு ட்ராலி. அதில் ஒன்றுக்குச் சக்கரம் சுற்றாது. தைத்தேன், கட்டினேன், கத்தினேன். நடுவில் ஒரு நெஞ்சுவலி, இரண்டு நாய்க்கடி, மில்லிலிருந்து ஒரு பெண் (தூக்க மாத்திரை, காதல் விவகாரம், போலீஸுக்கும் போகிற விபத்துப் பதிவேட்டில் எழுதி வார்டுக்கு அனுப்பியாயிற்று). தண்ணீர் குடித்தபோது மணி மூன்று.

அம்மா போன் செய்தாள். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." சாப்பிடவில்லை.

விடுதியில் தண்ணீர் வரவில்லை. ஊறப்போட்ட துணி ஊறிக்கொண்டே இருக்கிறது.

ஜூலை 4

இன்றிலிருந்து பொது மருத்துவ வார்டு. என் ஆய்வுக்கு வசதி. மேற்படிப்பு விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ள ஓர் ஆய்வு வேண்டும் என்று ஆரம்பித்தது, இப்போது முப்பத்தொரு படிவம் சேர்ந்துவிட்டது. மாத்திரையோ விஷமோ அளவுக்கு மீறி உள்ளே போய் வருகிறவர்கள், தாங்கள் எதைச் சாப்பிட்டதாகச் சொல்கிறார்கள், கடைசியில் எது என்று தெரிகிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. நோயாளி சொல்லும் கதைக்கு எங்கள் பாஷையில் வரலாறு என்று பெயர். படிவத்தில் ஒரு கட்டம்: "வரலாறு சொன்னவர்". இன்னொரு கட்டம்: "பொருந்துகிறது / பொருந்தவில்லை".

மேற்படிப்பு மாணவர் ஹபீப் சொல்வது: "எல்லாரும் பொய் சொல்லுவாங்க மதி. அது தெரியுறதுக்கு ஒரு ஆய்வா?" அவருக்கு எல்லாமே தெரிந்த விஷயம்தான்.

மில் பெண் பன்னிரண்டாம் கட்டிலில் இருக்கிறாள். பாண்டிமீனா, பத்தொன்பது வயது, கமுதிப் பக்கம். நூல் மில்லில் வேலை, மில் விடுதியிலேயே தங்கல். பக்கத்தில் அந்த விடுதியின் வார்டன் சரோஜினி நின்றிருந்தார். நான் படிவத்தோடு போனதும் அவரே ஆரம்பித்தார்.

"நல்லாத்தான மேடம் உக்காந்துருக்கா. இன்னைக்கு விட்ருவீங்களா? எனக்கு அங்க நூத்தியிருவது புள்ளைக. இவ ஒருத்திக்கே ரெண்டு நாளா நிக்கிறேன்."

பெண்ணிடம் கேட்டேன். "என்னம்மா சாப்ட்ட?"

அவள் வார்டனைப் பார்த்தாள்.

"சொல்லு பாண்டிமீனா, டாக்டர் கேக்குறாங்கள்ல."

"தூக்க மாத்திரை."

"எங்க வாங்குன?"

"கடையில."

"எந்தக் கடை?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்குமே மேடம், அங்க," என்றார் வார்டன்.

நோயாளி சொல்வதும் உடன் வந்தவர் சொல்வதும் ஒன்று. பொருந்துகிறது என்று டிக் அடித்தேன். முப்பத்திரண்டாவது படிவம்.

சிஸ்டர் தங்கபுஷ்பம் போகிற போக்கில் சொன்னார்: "தூக்க மாத்திரை சாப்ட்ட புள்ள ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருக்கு. இந்தக் கம்பெனி மாத்திரை எதுன்னு சொன்னா நானும் தள்ளி நின்னுக்குவேன்." சிரித்தோம். வாந்தி இன்னும் நிற்கவில்லை என்றும் சொன்னார். வாந்திக்கு ஊசி எழுதினேன்.

மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. துணி நாறிப்போயிருந்தது. மறுபடி துவைத்தேன்.

ஜூலை 5

பாண்டிமீனாவின் கண் மஞ்சளாகிவிட்டது.

காலை ரவுண்ட்ஸில் உதவிப் பேராசிரியர் கஸ்பார் அவள் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு கேஸ் ஷீட்டைக் கேட்டார். படித்தார். வயிற்றின் வலப்பக்கம் கை வைத்ததும் அவள் துள்ளினாள். நேற்று எடுத்த ரத்தத்தின் கல்லீரல் முடிவு மேசையில் நேற்று மாலையிலிருந்தே கிடந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. எண்கள் எங்கோ போயிருந்தன.

"தூக்க மாத்திரைல தூங்கல. ஆனா கல்லீரல் போகுது. இது என்ன தூக்க மாத்திரை? இந்த வரலாற எடுத்தது யாரு?"

காஷுவல்டியில் யாரோ அவசரத்தில் எழுதியிருப்பார்கள், அன்றைக்கு பஸ் விபத்து என்று ஹபீப் சொன்னார். நானும் அன்றைக்கு ரொம்பக் கூட்டம் என்று சொன்னேன்.

கஸ்பார் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பாதி நாள் சொந்த கிளினிக்கில் இருப்பார். ஆனால் அவள் பக்கம் திரும்பிய ஒரே ஆள் அவர்தான். "வேற ஏதும் மாத்திரை போட்டியாம்மா? காய்ச்சலுக்கு, வலிக்கு?"

"இல்ல சார். தூக்க மாத்திரைதான்."

மனப்பாடம் செய்ததைப் போலச் சொன்னாள். அப்போது சிஸ்டர் தங்கபுஷ்பம் பின்னாலிருந்து சொன்னார்: "சார், இந்தப் புள்ள ரெண்டு நாளா ஒரு பக்கமாத்தான் மெல்லுது. இட்லியக்கூட."

வாயைத் திறக்கச் சொன்னார். வலது கீழ்க் கடைவாய்ப் பல் கறுத்துக் குழிந்திருந்தது, ஈறு சீழ் கோத்து உப்பியிருந்தது. கன்னம்கூட வீங்கித்தான் இருக்கிறது. காஷுவல்டியில் ஒருத்தர், வார்டில் மூன்று பேர், யார் கண்ணிலும் படவில்லை. அடையாளத்துக்கு இரண்டு மச்சம் மட்டும் கவனமாகத் தேடி எழுதியிருக்கிறது: இடது முழங்கை, கழுத்தின் பின்புறம்.

"பல்லு வலிக்கு என்ன போட்ட?"

கண்ணீர் மட்டும் வந்தது, சத்தமில்லாமல்.

"சொல்லாட்டிப் போகட்டும். பாராசிட்டமால்னு வச்சுக்கிட்டே எதிர்மருந்து ஆரம்பிங்க. வலி மாத்திரை எதுலயும் அது கலந்துதான் இருக்கும். முத ரெண்டு நாள் ஆளு நல்லாத்தான் இருக்கும், அப்புறந்தான் கல்லீரல் கணக்குக் கேக்கும். அவ சொல்றவரைக்கும் அது காத்திருக்காது."

ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் வசதி இங்கே இல்லை. வெளியூருக்கு அனுப்பினால் நாலு நாள். ஒரு மாவட்டத்துக்கே ஒரு மருத்துவக் கல்லூரி, அதில் ஒருத்தி என்ன சாப்பிட்டாள் என்று கண்டுபிடிக்க அவளைக் கேட்பதைத் தவிர வழியில்லை. கேட்பதையாவது ஒழுங்காகச் செய்யலாம் இல்லையா. யாரும் செய்யவில்லை.

மதியம் அவள் அப்பா வந்தார். முனியாண்டி. கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். நகக்கண்ணில், காது மடிப்பில் எல்லாம் கரி. ராத்திரியே கிளம்பி மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். வார்டன் வராந்தாவிலேயே அவரை நிறுத்தி ஏதோ சொன்னார். உள்ளே வந்தவர் கட்டிலுக்கு நான்கடி தள்ளி நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாரு அவன்?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லமாட்டியா? அம்புட்டுக்குப் போச்சா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஊருக்குப் போகவில்லை. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். நான் போகும்போதும் அங்கேதான் இருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

மெஸ்ஸில் பூரி. எனக்கு இறங்கவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வார்டு வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். இருபது வயது இருக்கும். மில் பெண்களை ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கூட்டிவந்து, இரண்டு மணி நேரத்தில் அதே வேனில் ஏற்றிக்கொண்டு போவார்களாம். இவள் துணிக்கடைக் கூட்டத்தில் நழுவி வந்திருக்கிறாள். பெயர் சொன்னாள்.

"பாண்டிமீனாவப் பாக்கணும்க்கா. எனக்கு இருவது நிமிசந்தான்."

அவள் கட்டிலுக்குப் போனாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு பாண்டிமீனா "போடி, வேன் போயிரும்" என்று விரட்டினாள். வெளியே வந்தவள் என் பின்னாலேயே மருந்து அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அவ செத்துருவாளா?"

"ஏன் கேக்குற?"

"மாத்திரை நாங்க குடுத்ததுக்கா."

அவள் சொன்னதை அப்படியே எழுதப் பார்க்கிறேன். மில்லில் மாதவிடாய் வலி என்று சொன்னால் லீவு கிடையாது, மாத்திரை உண்டு. சூப்பர்வைசர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருப்பார். அட்டை இருக்காது, பெயர் இருக்காது, உள்ளங்கையில் வெறும் மாத்திரை. அவர் கண் முன்னாலேயே முழுங்க வேண்டும். ஆனால் வலி ஷிஃப்ட் பார்த்து வராதே. அதனால் எல்லாரும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய், துப்பி, காயவைத்து, பெட்டியில் சேர்த்து வைப்பார்கள். விடுதியில் வலி வந்தால் போட்டுக்கொள்ள. யாருக்காவது தீர்ந்துபோனால் இன்னொருத்தி கொடுப்பாள்.

"அவளுக்குப் பல்லு வலிக்கா. ஒரு வாரம். செவத்துல தலைய முட்டுவா. சூப்பர்வைசர்ட்ட லீவு கேட்டதுக்கு, 'பல்லுக்கெல்லாம் லீவு குடுத்தா மில்லப் பூட்டிட்டுப் பல்லு வெளக்கிட்டு இருக்க வேண்டியதுதான்'னு சொல்லிட்டு அதே மாத்திரையக் குடுத்தாரு. அது பத்தலன்னு நாங்க ஆளுக்குக் கொஞ்சமா குடுத்தோம். அவ தூங்கட்டுமேன்னுதான்க்கா குடுத்தோம்."

ஏழு பேர். அவரவர் வலிக்கென்று சேர்த்து வைத்ததை.

வியாழக்கிழமை காலை மிஷின் முன்னாலேயே வாந்தி எடுத்து விழுந்திருக்கிறாள். அவள் பெட்டியைத் திறந்தால் மாத்திரை. பிறகு வந்ததுதான் தூக்க மாத்திரை, காதல், பஸ் ஸ்டாண்டு கடை எல்லாம்.

"போலீஸ் எங்களப் பிடிக்குமாக்கா? வெசம் குடுத்ததா ஆகுமா?"

ஆகாது என்றேன். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனாலும் ஆகாது என்றேன்.

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டு ஓடினாள். மருந்தாளுநர் அதன் மேலிருந்த முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. கஸ்பார் குறிபார்க்காமல் எறிந்த கல் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஹபீப்புக்குப் போன் செய்து சொன்னேன். "ஓகே, மருந்து ஓடுதுல்ல, ஓடட்டும்" என்றார்.

அந்த மில்லைக் கொளுத்த வேண்டும்.

ஜூலை 7

ரத்தம் உறையும் நேரம் கூடிவிட்டது. ஊசி குத்திய இடமெல்லாம் கறுப்பு. கேட்டால் பதில் சொல்ல நேரமாகிறது. இதைவிட மோசமானால் மதுரைக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்தும் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கல்லீரல் மாற்றுவது எல்லாம் கரிமூட்டக்காரர் மகளுக்கு இல்லை.

மாடிப்படிக்குக் கீழே அவள் அப்பாவிடம் நிலைமையைச் சொன்னேன். "கஷ்டம்னா சொல்லிருங்க தாயி," என்றார். அவ்வளவுதான். ரத்தம் கொடுக்க முடியுமா என்று கேட்டபோது சட்டென்று எழுந்து கையை நீட்டினார்.

ஜூலை 8

அப்படியேதான் இருக்கிறாள்.

ஜூலை 9

எண்கள் நின்றுவிட்டன. ஏறவில்லை. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். கஸ்பார் "ம்" என்றார். அந்த "ம்" போதும் எனக்கு. சிஸ்டர் தங்கபுஷ்பம் கேண்டீனிலிருந்து வடை வாங்கி வந்து, "இந்தாங்க, மூணு நாளா மூஞ்சியப் பாக்கச் சகிக்கல" என்றார். தின்றேன்.

சாயங்காலம் ஹபீப் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"மதி, இது உன் கையெழுத்துதான?"

தூக்க மாத்திரை உட்கொண்டதாகக் கூறப்படுகிறது. காரணம்: காதல் தோல்வி. தகவல் தந்தவர்: விடுதி வார்டன். நோயாளியின் நிலை: சுயநினைவுடன், தெளிவாகப் பேசுகிறார்.

தெளிவாகப் பேசுகிறார். நான்தான் எழுதியிருக்கிறேன்.

"பஸ் ஆக்சிடென்ட் அன்னைக்குத்தான? விடு. யாரும் கேக்க மாட்டாங்க. மருந்து சரியாத்தான் போச்சு, புள்ள பொழச்சுருச்சு. இப்ப அதப் போய் நோண்டுனா நீ எழுதுன பதிவே தப்புன்னு நீயே எழுதுற மாதிரி. ஆர்.எம்.ஓ. கேப்பார், டீன் கேப்பார். உனக்குப் பயிற்சி முடிஞ்ச சர்டிபிகேட் வாங்க வேணாமா?"

அவர் சொன்னது அக்கறையில்தான். திட்ட முடியவில்லை.

அன்றைக்கு மணி பதினொன்று இருக்கும். நெற்றி பிளந்த ஒரு ஆளைத் தைத்துக்கொண்டிருந்தேன். வார்டன் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல, ஊசியை வைத்துவிட்டு எழுதினேன். அந்தப் பெண் எனக்கு இரண்டடி தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கை வைத்திருந்தாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெட்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

காஷுவல்டியில் ஒருத்தர் என்று இந்த நாட்குறிப்பில்கூட எழுதியிருக்கிறேன்.

ஜூலை 10

முப்பத்திரண்டு படிவத்தையும் அறையில் பரப்பி வைத்தேன். பெண்கள் பத்தொன்பது பேர். "வரலாறு சொன்னவர்" கட்டத்தில் கணவன், மாமியார், அண்ணன், கணவன், வார்டன், அம்மா, கணவன். நோயாளி என்று எழுதியது நாலே நாலு. நினைவோடு வந்தவர்களே பதினாறு பேர். ஆண்களில் முக்கால்வாசிப் பேர் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். நோயாளிகளின் வரலாறு நம்பத்தகுந்ததா என்று ஆய்வு செய்கிறேனாம். நோயாளியிடம் கேட்டால்தானே நம்புவதா வேண்டாமா என்ற பேச்சு.

மதியம் பன்னிரண்டாம் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். படிவத்தை எடுத்துப் போகவில்லை. பாண்டிமீனா தெளிந்திருந்தாள். கண்ணில் மஞ்சள் இன்னும் இருக்கிறது.

"அன்னைக்குக் காஷுவல்டில உன்னையக் கேக்காமலே எழுதுனது நான்தான்," என்றேன்.

"தெரியும்க்கா. தையல் போட்டுக்கிட்டு இருந்தீங்க. கையெல்லாம் ரத்தம்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க என்னையப் பாக்கவே இல்ல." கோபம் இல்லாமல் சொன்னாள். "அப்புறம் வார்டன் மேடம் சொல்றது நல்லதுன்னு தோணுச்சு. தூக்க மாத்திரைன்னா என்னோட போயிரும்ல. எங்க ரூமுல மாத்திரை இருக்குன்னு தெரிஞ்சா எல்லாப் பெட்டியயும் ஒடைச்சிருப்பாக. அவளுகள வேலைய விட்டு நிப்பாட்டிருப்பாக. வீட்டுக்குத் தாக்கல் போகும். என்னான்னு போகும்? மாத்திரை சேத்து வச்சிருந்தாளுகன்னு. இப்ப எங்கப்பாவுக்குப் போன மாதிரி."

"உங்கப்பா நீ சாக மருந்து சாப்பிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கார்."

"யாரு அவன்னு கேட்டாரே." சிரிக்கப் பார்த்தாள், பல் வலித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டாள். "இருந்தாத்தானக்கா சொல்றதுக்கு. மூணு ஷிஃப்டு மில்லுல எவன் வந்து காதலிப்பான்? மிஷினுதான் எங்களோட பேசும்."

பதிவேட்டைத் திருத்தப்போகிறேன் என்றேன். அவள் எழுந்து உட்கார முயன்றாள்.

"பல்லு வலின்னு எழுதுங்க. லீவு தரலன்னு எழுதுங்க. சூப்பர்வைசர் மாத்திரை குடுத்தாருன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். அவளுக பேர எழுதுனீங்கன்னா இதெல்லாம் நான் சொல்லவே இல்லம்பேன்."

"மிச்ச மாத்திரை எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க."

"நாந்தான் சேத்து வச்சேன்னு எழுதுங்க."

அதுவும் முழு உண்மை இல்லை. ஆனால் அவள் சொல்வது. எத்தனை நாள், எந்தெந்த வேளை, ஷிஃப்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் யோசித்து, விரல் விட்டு, தப்பு வந்தால் திருத்திச் சொன்னாள். இத்தனை துல்லியமான வரலாற்றை நான் எடுத்ததே இல்லை.

ஜூலை 11

பதிவேட்டில் எழுதியதை அழிக்கக்கூடாது. ஒற்றைக் கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்து, தேதி, நேரம். நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ.) அறையில் அனுமதி கேட்டு நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, ஊருக்கு முன்னால நீயே உன் தலைல மண்ண வாரிப் போட்டுக்கிறியே" என்றார். பிறகு, "கஸ்பார் கையெழுத்துப் போட்டா போடு" என்றார். கஸ்பார் போட்டார். என்னைப் பார்க்காமலே, "எழுது, அழகா எழுது, கோர்ட்ல படிப்பாங்க" என்றார்.

எழுதினேன். "மேற்கண்ட பதிவு நோயாளியை விசாரிக்காமல் உடன் வந்தவர் சொன்னதைக் கொண்டு என்னால் எழுதப்பட்டது. அது தவறு."

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி காவல் சாவடி ஏட்டு வந்தார். தற்கொலை முயற்சி, காதல் தோல்வி என்று முடித்துக் கையெழுத்து வாங்க வந்தவர். திருத்தத்தைக் காட்டியதும் தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா இது, நான் டைப்பே அடிச்சுட்டு வந்துட்டேன்."

வார்டன் சரோஜினியும் இருந்தார். அவருக்கு முகம் வெளுத்தது. அவரைத் திட்ட நான் ஒரு வாரமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

"நான் பொய் சொல்லல மேடம்," என்றார். "பெட்டியத் தெறந்தேன், மாத்திரை இருந்துச்சு. பொம்பளப் புள்ள மாத்திரை சேத்து வச்சா வேற என்னன்னு நெனைப்பாக? நீங்களே என்ன நெனச்சீங்க? கேட்டீங்க, சொன்னேன். எழுதிக்கிட்டீங்க."

"அந்த மாத்திரை என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. எனக்கு மூட்டு வலிக்கு அதைத்தான் தர்றாக. நாலு வருசமாப் போடுறேன்."

சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. இவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

வாக்குமூலத்தை ஏட்டு திரும்ப எழுதினார். எழுதியதை நோயாளிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அவர் வேண்டுமென்றே செய்தாரா, குரலே அப்படியா தெரியவில்லை, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார். கடைவாய்ப் பல் வலி, விடுப்பு மறுப்பு, பணியிடத்தில் பெயரில்லா மாத்திரை, சாகும் எண்ணம் இல்லை. முனியாண்டி வராந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார். படித்து முடித்ததும் கம்பியை விட்டுவிட்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டார்.

முப்பத்திரண்டாவது படிவத்தில் "தவறான வரலாறு தந்தவர்" என்றொரு கட்டம் இருக்கிறது. நோயாளி, உறவினர், பிறர். "பிறர்" என்பதில் டிக் அடித்து என் பெயரை எழுதினேன்.

அம்மா போன். "சாப்ட்டியா?" "இல்லம்மா." அரை மணி நேரம் திட்டினாள்.

ஜூலை 12

மெமோ வந்துவிட்டது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். மில்லைப் பற்றித் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்புவதாக ஆர்.எம்.ஓ. சொன்ன கடிதம் அலுவலகத்தில் எந்த மேசையில் இருக்கிறது என்று எழுத்தருக்கே தெரியவில்லை. என் மெமோ மட்டும் ஒரே நாளில் நடந்து வந்திருக்கிறது.

ஜூலை 13

விளக்கத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். பஸ் விபத்து, பதினெட்டுப் பேர், இரண்டு ட்ராலி என்று தொடங்கினால் எல்லாமே சாக்காகத் தெரிகிறது. தொடங்காவிட்டால் ஆஸ்பத்திரியைத் தப்பவிடுகிறேன். கடைசியில் இரண்டையும் எழுதினேன். "பெண் நோயாளியிடம் கேட்காமல் உடன் வந்தவரிடம் கேட்பது இங்கே வழக்கம். வழக்கம் என்பதால் எனக்கு அது தவறாகத் தெரியவில்லை." ஹபீப் படித்துவிட்டு, "கடைசி வரிய எடுத்துரு" என்றார். எடுக்கவில்லை.

ஜூலை 14

எண்கள் இறங்குகின்றன. இன்னும் நாலைந்து நாளில் பல் மருத்துவப் பிரிவுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். மில்லுக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று பாண்டிமீனா சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள். வேறு எங்கே போவாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

சாயங்காலம் நான் பதினொன்றாம் கட்டிலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். முனியாண்டி உள்ளே வந்தார். குளித்திருந்தார். கையில் ஒரு தூக்குவாளி. இந்த ஒன்பது நாளில் முதல்முறையாக அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல், வீங்கிய கன்னத்தின் பக்கமாக உட்கார்ந்தார்.

ரொம்ப நேரம் வாளி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"என்னத்தா சாப்ட்ட?"

"என்னப்பா?"

"நீ சொல்லு. அந்த ஏட்டு படிச்சது கெடக்கட்டும். நீ சொல்லு. என்ன சாப்ட்ட?"

அவள் சொன்னாள். பல் எப்போது வலிக்க ஆரம்பித்தது என்பதிலிருந்து சொன்னாள். அவர் நடுவில் "லீவு தரலயா" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். கரி ஏறிய கட்டைவிரலால் அவள் கன்னத்தைத் தொட்டார், வலிக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

"அம்புட்டு மாத்திரை ஏது ஒனக்கு?"

அவள் என் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நான் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அப்பாவின் காதருகே சாய்ந்து, அவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்த ஊர், யார் மகள், எந்தக் கட்டிலில் படுப்பாள் என்று சேர்த்துச் சொன்னாள். அவர் ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினார்.

"நல்லாருக்கட்டும்," என்றார்.

எல்லாம் என் காதில் விழுந்தது. ஏழு பெயரும் எனக்கு மனப்பாடம். இங்கே எழுதவில்லை.